வீசத்தில் வீசம்

அம்மா கண்ணை மூடி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா அவளுடைய தட்டையும் டம்ளரையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, புத்தக அலமாரியின் மேல்தட்டில், கெமிஸ்ட்ரி புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். பூங்கோதை சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். அவள் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. புத்தகங்களை முன்னால் இழுத்து, சாய்ந்திருந்த ஒன்றை நிமிர்த்திவைத்துவிட்டுத்தான் வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லக் கிளம்பினார். பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போது புத்தகத்தை நிமிர்த்தி வைக்க ஒரு மனுஷனுக்குக் கை வருமா என்று பூங்கோதைக்கு இருந்தது.

ஜனவரி பதினெட்டாம் தேதி காலை. டில்லி முனிர்காவில் பனி எதிர்வீட்டு எருமைகளை முழுசாக மறைத்திருந்தது. அதுகள் தலையை ஆட்டும்போது சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா உள்ளறையில் கட்டிலில் கிடந்தாள். பூங்கோதை நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள். இனிமேல் தாண்டலாமா கூடாதா என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த டம்ளரின் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று கட்டியிருக்கும். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடாமல் இருக்க ஒரு அடையாளம். அம்மா வள்ளியம்மைக்குக் கழுத்தில் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய். போன செப்டம்பர் ஐந்தாம் தேதி ஆஸ்பத்திரியில் ஈயத் தடுப்புக்குப் பின்னாலிருந்து நீட்டிய ஒரு சின்னக் கிண்ணத்து மருந்தைக் குடித்தாள். கதிரியக்க அயோடின். குடிக்க வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்ததாம். குடித்தவள் உடம்பிலிருந்தே கதிர் கிளம்பும் என்பதால் ஒரு வாரம் தனியறையில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டிலும் மூன்று வாரத்துக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், வயசுப் பெண் கிட்டே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார்.

அந்த மூன்று வாரம் நான்கரை மாதமாக நீண்டது. நீட்டியது டாக்டர் இல்லை, அப்பாதான். ஒவ்வொரு முறை பூங்கோதை நிலைப்படியில் கால் வைக்கும்போதும், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். சோறு கொண்டுபோவது அவர், தட்டைக் கழுவுவது அவர். பொங்கலன்று அம்மா கட்டிலில் இருந்தபடியே திருநீற்றை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். அவர் வாசலுக்கு வந்து பூங்கோதை நெற்றியில் பூசினார். தபாலில் வந்த ஆசீர்வாதம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான்கே நாள்.

அப்பா பரமசிவம் அரசுப் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். இருபது வருஷமாக ஒரே பாடம், ஒரே கண்டிப்பு. கதிரியக்கப் பொருள் பாதியாகும், அந்தப் பாதி மறுபடி பாதியாகும், அப்படியே போய்க்கொண்டிருக்கும் என்று நடத்துவார். கடைசியில் மிச்சம் பூஜ்யம் என்று எந்தப் பையனாவது எழுதினால் சிவப்பு மையில் அடித்து ஒரு மார்க்கைக் குறைத்துவிடுவார். சொந்த மகளின் நோட்டிலேயே ஒருதடவை அடித்திருக்கிறார். பூஜ்யம் என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது என்று அம்மாகூடக் கேலி செய்வாள்.

பூங்கோதைக்குச் சந்தேகம் விழுந்த தேதி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நவம்பர் இருபத்துநாலு, வெள்ளிக்கிழமை. அவள் படிக்கிற பன்னிரண்டாம் வகுப்பில் அன்றைக்கு அந்தப் பாடம். டீச்சர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது அயோடின் நூற்று முப்பத்தொன்று. எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். எல்லாரும் நோட்டில் டீச்சர் கொடுத்த கணக்கைப் போட, இவள் செப்டம்பர் ஐந்திலிருந்து போட்டாள். எண்பது நாள். பத்து தடவை பாதி. ஆயிரத்து இருபத்துநாலில் ஒரு பங்கு. உடம்பிலிருந்து தானாக வெளியேறியதைக் கழித்தால் அதுகூட இருக்காது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்குக் காது சூடாகிவிட்டது. அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

அன்று சாப்பிடும்போது சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"அப்பா, அயோடின் ஒன்-தர்ட்டி-ஒன்னோட ஹாஃப் லைஃப் எவ்ளோ?"

அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எட்டு நாள்" என்றார். குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி, "சாப்பிடு" என்றார்.

அதை அவள் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வீட்டில் அவள் மகளாக இல்லை, போலீஸாக இருந்தாள். அப்பா உள்ளறையிலிருந்து வந்து கை கழுவுகிறாரா, எத்தனை நிமிஷம் கழுவுகிறார், வெளி அறையில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார், எல்லாம் அவள் கணக்கில் ஏறியது. ஒருநாள் அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்ததை, பாடுகிறார் என்று முடிவு கட்டினாள். நோயாளிப் பெண்டாட்டி அலுத்துப் போய்விட்டது, விஞ்ஞானத்தைக் காட்டி ஒதுக்கி வைக்கிறார், தான் மட்டும் ஒதுங்கினால் ஊர் பேசுமென்று என்னையும் சேர்த்து ஒதுக்குகிறார் என்று நினைத்தாள். அம்மாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். வாசலில் நின்று, ஆறடி தள்ளி, அப்பா காதில் விழும்படி அதை எப்படிக் கேட்பது என்றுதான் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டாள்.

அம்மா இறந்த அன்று எட்டரை மணிக்கு லக்ஷ்மிபாய் நகரிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரியம்மா பொன்னம்மாள் அம்மாவுக்கு எட்டு வயசு மூத்தவள். வாசலிலேயே அழ ஆரம்பித்து, அழுதபடியே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டாள். இத்தனை மாதத்தில் அவள் வந்தபோதெல்லாம் அப்பா அவளையும் வாசலிலேதான் நிறுத்தியிருந்தார். அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

விளக்கேற்றியதும் தலைமாட்டில் தண்ணீர் வைக்க வேண்டும் என்றாள்.

"அவ டம்ளர எங்க தம்பி? கல்யாணத்துக்கு நாங் குடுத்தது, பேரு வெட்டினது."

"காணும் மதினி. எங்ஙன வச்சாளோ" என்றார் அப்பா.

பூங்கோதை அவர் முகத்தைப் பார்த்தாள். கண் சிமிட்டாமல் சொன்னார். அலமாரி அவர் முதுகுக்கு நாலடி பின்னால் இருந்தது. அங்கேயே போட்டு உடைத்துவிடலாமா என்று வாய் துடித்தது அவளுக்கு. இப்போது வேண்டாம், வேளை வரட்டும் என்று வைத்துக்கொண்டாள். பெரியம்மா வேறு டம்ளரில் தண்ணீர் வைத்தாள்.

வாளியில் கம்பிச் சுருள் ஹீட்டரைப் போட்டுத் தண்ணீர் சுட வைத்தார்கள். குளிப்பாட்ட மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாளும் வந்தாள். பூங்கோதை நிலைப்படியைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. அம்மாவின் காலைத் தொட்டபோது அது குழாய்த் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது. நான்கரை மாதம் தொடக் கிடைக்காமல் இருந்துவிட்டு, கிடைத்தபோது இப்படிக் கிடைத்ததே என்று அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முன்னால் வந்தது.

தலைமுடியை அவிழ்க்கும்போது பெரியம்மாவின் கை நின்றது. எண்ணெய் வைத்து, சிக்கில்லாமல், இறுக்கமாகச் சடை பின்னியிருந்தது. கொஞ்சம் கோணல்தான், பழகாத கை பின்னியது போல. நுனியில் சிவப்புக் கம்பளி நூல்.

"கைய தலைக்குத் தூக்க முடியாமல்லா கெடந்தா ஒரு மாசமா. யாருட்டி பின்னி விட்டா?"

பூங்கோதைக்குத் தெரியவில்லை. அவள் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். நடுவில் யாரோ இந்த வீட்டுக்கு வந்துபோயிருக்கிறார்கள். என்னைத் தவிர எல்லாரும் தொடலாம் போல என்று நினைத்தாள். வாசலுக்கு வெளியே அப்பா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பஞ்சாபி அம்மாள் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தித் தண்ணீரை ஊற்றினாள்.

பதினொன்றரைக்கு வண்டி வந்தது. ஏன் இத்தனை அவசரம் என்று பெரியம்மா பெரியப்பாவிடம் கேட்டாள். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், நிகம்போத் படித்துறைச் சுடுகாட்டில் கூட்டமாக இருக்கும் என்றார் அவர். நியாயமான பதில்தான், ஆனால் பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டாளே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை. மகன் இல்லாததால் கொள்ளி வைக்க அப்பாவே போனார். பெண்கள் வண்டி தெருமுனை திரும்புகிறவரை நின்றுவிட்டு வீட்டைக் கழுவ உள்ளே வந்தார்கள்.

கழுவிக்கொண்டே பூங்கோதை எல்லாவற்றையும் கொட்டினாள். எட்டு நாள் கணக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு, அப்பா சொன்ன பதில், புத்தகங்களுக்குப் பின்னால் இருக்கிற டம்ளர். பெரியம்மாவுக்கு விஞ்ஞானம் விளங்கவில்லை. பொய் மட்டும் நன்றாக விளங்கியது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"தீண்டாமலே சாகடிச்சிட்டான் பாவி. வரட்டும்."

உள்ளறையில் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் கட்டிலை நகர்த்த வேண்டும். இரண்டு பேருமாக இழுத்தார்கள். சுண்ணாம்புச் சுவரில், படுத்தால் கை எட்டும் உயரத்தில், பென்சிலால் ஒரு நீண்ட பட்டியல் எழுதியிருந்தது.

இடதுபக்கம் தேதிகள். 13-9, 21-9, 29-9. பூங்கோதை ஒரே பார்வையில் கண்டுகொண்டாள், எட்டு எட்டு நாளாகப் போகிறது. இது அப்பா வேலை. ஜெயில் கைதிக்குப் போடுகிற மாதிரி சுவரில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். வலதுபக்கம் எண் இல்லை, தமிழ் எழுத்து. டில்லியில் பிறந்தவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அரை, கால் என்பது வரைக்கும் புரிந்தது. அப்புறம் வீசம் வீசம் என்று வந்தது. எனக்குப் புரியக்கூடாது என்றே தமிழில் எழுதியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்தாள்.

பெரியம்மா குனிந்து பார்த்தாள்.

"இது வள்ளி எழுத்துட்டி."

"அம்மாவா? அப்பாதான் கெமிஸ்ட்ரி..."

"ஒங்கப்பனுக்கு இதெல்லாம் எங்க தெரியும், கான்வெண்டுல படிச்சவன். எங்கப்பா நெல்லுக்கடையில அளவுக்காரரா இருந்தாவ. சாயங்காலம் எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு ஒப்பிக்கச் சொல்லுவாவ. அரை, கால், அரைக்கால், வீசம். வீசம்னா பதினாறுல ஒண்ணு."

சுவரில் விரலை வைத்து, சின்ன வயசில் ஒப்பித்த அதே ராகத்தில் பெரியம்மா படித்தாள். அரை. கால். அரைக்கால். வீசம். அரை வீசம். கால் வீசம். அரைக்கால் வீசம். வீசத்தில் வீசம். பூங்கோதை பக்கத்தில் நின்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டே வந்தாள். பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு. எட்டாவது பாதி. தேதி நவம்பர் எட்டு. நவம்பர் இருபத்துநாலுக்கு நேரே வீசத்தில் கால் வீசம். ஆயிரத்து இருபத்துநாலில் ஒன்று. அவள் வகுப்பில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்ட அதே நாள் அம்மா இங்கே சுவரோரம் படுத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டிருக்கிறாள். ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை.

பட்டியல் அங்கே நிற்கவில்லை. டிசம்பர் முழுக்கப் போயிற்று. போகப் போக எழுத்து பெரிதாகி, சரிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. கடைசி வரி ஜனவரி பதினொன்று.

"வீசத்தில் வீசத்தில் வீசத்தில் வீசம்" என்று பெரியம்மா படித்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வார்த்தை இருந்தது. அதைப் பூங்கோதையே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். இன்னும் இருக்கு.

கீழே 19-1 என்று மறுநாள் தேதியை முன்னாலேயே எழுதி வைத்திருந்தாள். அதற்கு நேரே ஒன்றும் இல்லை.

பெரியம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்தச் சுவரில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

நாலு மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். அப்பா வெளிக்குழாயில் தலைக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உள்ளே வந்தார். மீசையை எடுத்திருந்தார்கள். மீசை இல்லாத அப்பாவைப் பூங்கோதை பார்த்ததே இல்லை. வேறு யாரோ அப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

அவர் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டில் நகர்ந்திருப்பதையும் சுவரையும் பார்த்தார். நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"பென்சில் சீவிக் குடுத்ததே நாந்தான்."

பெரியம்மா சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

அப்பா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மருந்து குடித்த மறுநாளே அம்மா அவரிடம் கேட்டாளாம், இது எப்போது முழுசாகப் போகும் என்று. அவர் வகுப்பில் சொல்வதையே சொல்லியிருக்கிறார். எட்டு நாளில் பாதி, அப்புறம் பாதியில் பாதி. அப்புறம் முழுசாக எப்போது என்று மறுபடி கேட்டாளாம்.

"முழுசாப் போகாது வள்ளி, பாதியாயிட்டே இருக்கும், பூஜ்யம் ஆகாதுன்னு சொல்லிட்டேன். வாத்தியார் புத்தி."

மூன்று வாரம் முடிந்ததும், போதும், பிள்ளை உள்ளே வரட்டும் என்று அவர்தான் முதலில் சொன்னாராம். அம்மா விடவில்லை. இன்னும் இருக்கிறதா இல்லையா என்று கேட்பாள். இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யாது என்பார். இருக்கிறது அல்லவா, அவள் நாளைக்குப் பிள்ளை பெற வேண்டியவள், அவள் வயிற்றில் எதுவும் படக்கூடாது என்பாள். வீட்டுக்கு வந்த அன்றே டம்ளரில் நூல் கட்டியது அவள்தான். அக்காளை வாசலில் நிறுத்தச் சொன்னதும் அவள்தான், அக்காள் உள்ளே வந்தால் மகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று.

"நவம்பர்ல பொய் சொல்லியும் பாத்தேன். இன்னைக்கோட சுத்தமாப் போயிட்டு, பூஜ்யம்னேன். சிரிச்சா. மொதல்ல நெசத்தச் சொல்லிட்டு பொறவு சொல்லுத பொய்ய எவ நம்புவா?"

"அப்போ நீங்க வேண்டாம்னு சொன்னதா ஏன் சொன்னீங்க?"

"அம்மையே கிட்ட வராதன்னு சொன்னான்னு தெரிஞ்சா பிள்ள ஒடிஞ்சு போவா, நீங்க சொன்னதா இருக்கட்டும்னா. அப்பன் மேல கோவம்னா பொறவு சரியாயிரும்னா."

"சடை?"

"நாந்தான். நீ ஸ்கூலுக்குப் போன பொறவு. எனக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதான்னு கேட்டேன், ஒங்களுக்கு வயசாயிட்டுன்னா."

பெரியம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பூங்கோதைக்கு அழுகை வரவில்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் எத்தனை நாள் என்றுதான் கணக்கு ஓடியது. ஐம்பத்தைந்து நாள். அந்த ஐம்பத்தைந்து நாளும் அவள் நிலைப்படியில் நின்று அப்பாவை முறைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்திருக்கலாம்.

"உங்களுக்குத் தெரியும்ல, ஒண்ணும் ஆகாதுன்னு. என்னைப் பிடிச்சு உள்ள தள்ளிவிட்டிருக்கலாம்."

அப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"தள்ளியிருக்கணும்" என்றார்.

பிறகு எழுந்து அலமாரிக்குப் போய், புத்தகங்களை ஒதுக்கி, செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துவந்தார். மதினி நூலைப் பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் வள்ளிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்று நினைத்து ஒளித்தேன் என்றார். பெரியம்மாவிடம் கொடுப்பதா மகளிடம் கொடுப்பதா என்று தயங்கி, நடுவில் தரையில் வைத்தார்.

பூங்கோதை பொட்டலத்தைப் பிரித்தாள். வள்ளியம்மை என்று அடிப்பக்கத்தில் வெட்டியிருந்தது. டம்ளரைக் கழுவித்தான் வைத்திருந்தார், பளபளவென்று இருந்தது. சிவப்பு நூல் மட்டும் நைந்து, முடிச்சு இறுகிக் கிடந்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள்.

அந்த வீட்டில் டம்ளரில் யாரும் வாய் வைத்துக் குடித்ததில்லை. எச்சில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அம்மாவே அவளுக்கு மூன்று வயசில் பழக்கியது.

பூங்கோதை கட்டில் இருந்த இடத்தில், சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பில் உதட்டை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். நூல் நனைந்து மோவாயில் ஒட்டியது.

தூக்கிக் குடி என்று சொல்ல அப்பா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, ஈர வேட்டியோடு நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.